காஜா அக்காவின் ஒரே கேள்வி

எங்கள் தையல்கடையில் காஜா எடுப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி அவள் ஓட்டும் நூல் இம்மி பிசகாது. அதனால் எல்லோருக்கும் அவள் காஜா அக்கா. அவளுக்கு மனச்சிதைவு நோய் என்பதும் கடையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் இல்லாதபோதும் யாரோ பேசுவது அவளுக்குக் கேட்கும். மாத்திரை அந்தக் குரல்களைத் தணித்ததே தவிர, அடியோடு நிறுத்தவில்லை.

அதற்கு அவளே ஒரு வழி வைத்திருந்தாள். சந்தேகமாக எதுவும் காதில் விழுந்தால், கடையில் பக்கத்து மெஷினில் இருக்கும் என்னிடமும் வீட்டில் தங்கையிடமும் "கேட்டுச்சா?" என்பாள். ஆமாம் என்றால் திரும்பிப் பார்ப்பாள். இல்லை என்றால் விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே பஸ் ஏறினாள், நாலு பேரோடு பழகினாள், சம்பாதித்தாள். ஒருநாள் கட்டிங் மாஸ்டர், முதலாளி கூப்பிடுவதாகப் பொய் சொல்லி அவளை எழுந்து போகவைத்துச் சிரித்தார். நான் கத்தரிக்கோலோடு எழுந்து நின்றதில் அந்த விளையாட்டு அன்றோடு சரி.

போன மாதம் ஒரு மாலை, சமையலறையில் தங்கையும் அவள் கணவனும் பேசுவது அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. அவளை ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிட்டு, அவள் அறையை வாடகைக்கு விடலாம் என்று பேச்சு. உள்ளே போய் வழக்கம்போலக் கேட்டாள். தங்கை முகம் மாறாமல் சொன்னாளாம்: "இல்லையே. நாங்க பேசவே இல்லையே."

அக்கா நம்பினாள். கூடப் பிறந்தவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கூசிப்போய், நோய் முற்றிவிட்டதாக டாக்டரிடம் தன் வாயாலேயே சொன்னாள். அவர் மாத்திரையைக் கூட்டினார். கை நடுங்கியது, காஜா கோணியது. முதலாளி அவளை நூல் பிசிறு வெட்ட உட்காரவைத்தார். துணைக்குப் போயிருந்த தங்கை அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டினார். திறந்தது அக்காதான். வாடகைக்கு விடப்போகிற அறையைப் பார்க்க வந்ததாக அவர் சொன்னார். பழக்கதோஷத்தில் அக்கா தங்கை பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றாள்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். உன் மனசு நோகக் கூடாதென்றுதான் மறைத்தேன் என்று அப்புறம் மழுப்பினாளாம்.

"என் காதையே உன்கிட்ட கொடுத்து வச்சிருந்தேனே," என்று மட்டும் அக்கா சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் என்னிடம் சொல்லி முடித்தவள், அதற்குப் பிறகு யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நேற்று உள்ளேயிருந்து முதலாளி அவளைக் கூப்பிட்டார். கை ஒரு நொடி நின்றது. பிறகு குனிந்து மறுபடி பிசிறு வெட்டினாள்.

நானே சொன்னேன்: "நிஜமாவே கூப்பிடுறாருக்கா. எனக்கும் கேட்டுச்சு."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.