மூன்றாவது முனையில் சந்தனம்

வேங்கிக்காலில் என் அறை ஜன்னலோரம் ஒரு வட்டப் பலகை தொங்குகிறது. மேலே ஸ்கூட்டர் ட்யூப், விளிம்பில் பால்பாயிண்ட் ரீஃபிலை வெட்டிச் செய்த நான்கு முனைகள், சிவப்புப் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி. வருகிறவர்கள் என்ன இது என்பார்கள். விண்கலம் என்பேன். சிரிப்பார்கள். மூன்றாவது முனையைச் சுற்றியிருக்கும் மஞ்சள் கறையைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும். கூடவே பார்ட்னர் ஞாபகமும்.

கல்லூரிக் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு எங்களை ஜோடி சேர்த்த நாளிலிருந்து நாங்கள் ஒருவருக்கொருவர் பார்ட்னர்தான். நான் அவசரக்குடுக்கை, அவள் ஒரு ஸ்க்ரூவை மூன்று தடவை முடுக்கிப் பார்ப்பவள். தலைப்பைப் பிடித்தவள் நான். ஆளில்லாமல் வெகுதூரம் போகிற விண்கலத்தில், அதைத் திருப்புகிற சின்ன உந்திகளில் ஒன்று பழுதானால் என்ன செய்வது? இங்கிருந்து நாம் கட்டளை அனுப்பி அது போய்ச் சேர்வதற்குள் கலம் கண்டபடி சுற்றிவிடும். ஆகவே எந்த உந்தி செத்தது என்று அதுவே கண்டுபிடித்து, மிச்சம் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

செங்கம் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த அவள் அப்பா ட்யூப் கொடுத்தார். அடி அண்ணாமலையில் அவர்கள் வீட்டுத் தொட்டில் கொக்கியில் நைலான் கயிறு கட்டிப் பலகையைத் தொங்கவிட்டோம். ட்யூப் காற்று முனைகள் வழியே சீறும்; அவைதான் எங்கள் உந்திகள். இரண்டு முனைகள் பலகையை வலப்பக்கம் திருப்பும், இரண்டு இடப்பக்கம். அம்பு ஜன்னலைப் பார்த்தே நிற்க வேண்டும். எவ்வளவு திரும்பியிருக்க வேண்டும், எவ்வளவு திரும்பியது என்று கம்ப்யூட்டர் ஒப்பிடும். கம்மியாகத் திரும்பினால் சந்தேகப்பட்டு, முனைகளை ஒவ்வொன்றாக ஊதிப் பார்க்கும். எல்லாம் சரிதான், ஆனால் வாசல் காற்று அடித்தால்கூட 'பழுது' என்று அலறியது.

“உன்ன மாதிரியே இருக்குடி, ஒண்ணுமில்லாததுக்கு ஜாஸ்தி கத்துது” என்றாள் பார்ட்னர். ஒருமுறை பிசகினால் பொறுத்துக்கொள், திரும்பத் திரும்பப் பிசகினால் மட்டும் சொல் என்று ஒரு மாதம் உட்கார்ந்து ப்ரோக்ராமை மாற்றி எழுதினாள்.

தேர்வு நாள் வந்தபோது அவள் கையில் ஒரு வேலை ஆர்டர் இருந்தது. இந்த ப்ராஜெக்ட்டில் தேறாவிட்டால் அந்த வேலை இல்லை. எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. காலையிலேயே லேபுக்குப் போய், புது வண்டிக்கு வைப்பதுபோல நான்கு முனைகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். ஒயரை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “எலுமிச்சம்பழம் எங்கடி?” என்றாள்.

பலகை நேராக நின்ற பிறகு, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதல் முனையை விரலால் அடைக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஸ்விட்சைப் போட்டோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை, திரையில் 'மூன்றாவது முனை பழுது' என்று வந்துவிட்டது. பழையபடி பொய் அலறல்! நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன். பார்ட்னர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“கைய எடுடி. அது சொல்றத நாமளே நம்பலன்னா எதுக்கு எழுதினோம்?”

ரகசியக் குரல். பிடியை மட்டும் விடவில்லை. போனால் போகப்போவது அவளுடைய வேலை.

பலகை தயங்கியது. பிறகு அந்தப் பக்கம் திருப்புகிற நல்ல முனை ஒன்றே இரண்டின் வேலையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு நீள நீளமாக ஊதியது. பலகை லேசாக ஊசலாடியபடியே திரும்பி, அம்பு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது.

“நான் இன்னும் எதையும் தொடவே இல்லீங்களே?” என்றார் தேர்வாளர். பார்ட்னர் ஒரு குண்டூசியால் மூன்றாவது முனையைக் குத்தினாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவர் ஊசியை வாங்கி முகர்ந்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “நான் கெடுக்கறதுக்குள்ள நீங்களே கெடுத்துட்டீங்க. அதையும் கண்டுபிடிச்சிட்டுது!”

இருவரும் தேறினோம். அவள் அந்த வேலைக்கே போனாள். இப்போதும் போனில் நான் எதற்காவது குதித்தால், “சந்தனம், சந்தனம்” என்பாள். அடங்கிவிடுவேன்.

இதை எழுதும்போது ஜன்னல் காற்றில் பலகை திரும்பி, அம்பு சுவரைக் காட்டுகிறது. நேராக்க எழுந்தவள், நீட்டிய கையை எடுத்துக்கொள்கிறேன். கயிற்று முறுக்கில் அதுவே மெல்லத் திரும்பி வருகிறது.