முந்தின நாள் குழம்பு

என் வீட்டுக்காரருக்குச் சுடச்சுடச் சாப்பிடப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. காலையிலேயே மீன் வாங்கி, மண்சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றி, பார்த்துப் பார்த்துக் குழம்பு வைத்திருப்பேன். மத்தியானம் பட்டறையிலிருந்து வந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு நல்லா இருக்கும்" என்பார். இது பாராட்டா குறையா என்று தெரியாமல் முழிப்பேன்.

பிறகு பழகிப்போனது. அவருடைய நல்ல சாப்பாடு மறுநாள் காலையில்தான். நீரூற்றி வைத்த சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு, சுண்டவைத்த குழம்பைத் தொட்டுக்கொண்டு, வெங்காயத்தை நறுக்கென்று கடிப்பார். இட்லி மிஞ்சினால் உப்புமா, மாவு புளித்தால் குழிப்பணியாரம், ரசமும் கூட்டும் மிஞ்சினால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டு ஒரு சுண்டக்கறி. எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையில் சோற்றுப் பருக்கையைப் பார்க்க முடியாது. அதற்கு நான் சிக்கனக்காரி என்று அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கினேன். உண்மையில் அவர் நாக்குக்குத்தான் அந்தப் பெயர் போயிருக்க வேண்டும்.

அவர் தச்சு வேலைக்காரர். காரைக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. ஓட்டலாக மாற்றுகிற பெரிய வீடுகளுக்குக் கதவும் ஜன்னலும் செய்துகொடுப்பார். அவருடைய தம்பியும் கூடவே வேலை செய்தார். அடுத்த தெருவில் குடியிருந்தார். எங்களுக்கு ஒரே மகள். திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்தான்.

நோய் எங்களுக்கு முதலில் தெரிந்தது அவருடைய வட்டிலில்தான்.

சாப்பிட்ட வட்டிலைக் கழுவ வேண்டியதே இல்லை என்கிற மாதிரி வழித்துச் சாப்பிடுகிறவர் அவர். ஒரு நாள் காலையில் கொஞ்சம் சோறு ஒதுங்கிக் கிடந்தது. வேலை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடக் கிடந்தது. நான் அதே வட்டிலில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். வீணாக்கக் கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் அப்போது தோன்றவில்லை. பிறகு ஒரு நாள் அவர் நெஞ்சை நீவிக்கொண்டு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்ததைப் பார்த்துவிட்டேன்.

"என்னங்க, விக்குதா?"

"நெஞ்சுக்குள்ள நிக்குது. எறங்க மாட்டேங்குது."

"எத்தன நாளா?"

அவர் வெங்காயத்தை எடுத்து என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

சோறு கஞ்சியானது. கஞ்சி, வடித்த தண்ணீரானது. மதுரைக்குக் கூட்டிப் போனோம். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். உணவுக்குழாயில் புற்று, அது வெளியேயும் பரவிவிட்டது என்று கொழுந்தனாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் என்னிடம் வந்து சொல்லும்போது வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். ஊசி மருந்து ஏற்றியும் பலனில்லை. ஒரு கட்டத்தில் எச்சில்கூட இறங்காமல் போனதும் வயிற்றில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டப்பாவில் வருகிற சத்துமாவை வெந்நீரில் கரைத்து, பெரிய ஊசிக்குழலில் எடுத்து, அந்தக் குழாய் வழியாக மெதுவாக இறக்க வேண்டும். அதுதான் இனி அவருக்குச் சாப்பாடு.

அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் இதுவரை இல்லாத அளவுக்குச் சோறு மிஞ்ச ஆரம்பித்தது.

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. தூக்குச்சட்டி நிறைய ஆட்டுக்கால் சாறு வரும். பால் பணியாரம் வரும். "அவுக என்னதான் சாப்பிடுவாக?" என்று கேட்பார்கள். அவரால் எதுவும் விழுங்க முடியாது என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? வாங்கி வைத்துக்கொள்வேன். இன்னொரு பக்கம் என் கையும் அளவு பழகவில்லை. ஒருத்திக்கு உலை வைத்து எனக்குப் பழக்கமே கிடையாது. அரிசியைக் களைந்து போட்ட பிறகுதான் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டோம் என்று தெரியும்.

எல்லாவற்றையும் நானே தின்றேன். அடுக்களையில், அவர் படுத்திருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நின்றபடியே தின்றேன். முந்தின நாள் சோறு, யாரோ கொடுத்த சாறு, காய்ந்த இட்லி. பசியா என்று கேட்டால் தெரியாது. அவர் உடம்பு நாளுக்கு நாள் வற்றியது. எனக்கு ரவிக்கை இறுக்கிப் பிடித்தது. கண்ணாடியில் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் பங்கையும் நான் தின்று தீர்ப்பது போல.

ஒரு மத்தியானம் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. குரல் கம்மிப்போயிருந்தாலும் எனக்கு அது புரியும்.

"எதுக்கு அங்குட்டுத் திரும்பி நின்னு திங்கிற?"

"சும்மாதாங்க. பாத்திரம் ஒழிக்கணும்ல."

"களவாண்டு திங்கிற மாதிரி. வட்டிலை எடுத்துட்டு இங்குட்டு வா."

போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரச் சொன்னார். என்ன சாப்பிடுகிறேன் என்று எட்டிப் பார்த்தார்.

"நேத்துப் புளிக்குழம்பா?"

"ஆமா."

"சுண்ட வச்சியா, சும்மா சூடு பண்ணினியா?"

"சூடுதான் பண்ணேன்."

முகத்தைச் சுளித்தார். "அதான் வாசமே வரலை" என்றார். அன்றிலிருந்து தினமும் அவர் எதிரில்தான் சாப்பாடு. முதலில் அவருக்குக் குழாயில் மாவுத் தண்ணீர், பிறகு எனக்குச் சோறு. உப்பு எப்படி இருக்கிறது, காய் வெந்திருக்கிறதா, அப்பளம் நமத்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நான் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே உருண்டையை உள்ளே தள்ளுவேன். "மெல்லாமயே முழுங்குற, உனக்கு எப்படி ருசி தெரியும்?" என்பார். அவர் பார்க்கிறாரே என்பதற்காக மென்றேன். அப்படி மெல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சோறு சோறாகத் தெரிந்தது.

குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, மீன் வாங்கி வரச் சொன்னார்.

"யாருக்குங்க?"

"நாளைக்குக் காலையில தம்பியை வரச் சொல்லிருக்கேன். பிள்ளையும் வருது. நாளைக்கு ஆகுற மாதிரி நெறைய வையி."

எத்தனையோ முறை மிஞ்சியிருக்கிறது. மிஞ்ச வேண்டும் என்றே குழம்பு வைத்தது அன்றைக்குத்தான். தொண்டிப் பக்கமிருந்து வந்த மீன். சட்டி நிறைய வைத்தேன். அடுக்களையிலிருந்து வருகிற வாசத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை சுண்டவைத்தேன். எண்ணெய் தெளிந்து மேலே நின்றது.

மகளும் கொழுந்தனாரும் வந்ததும் எல்லோரையும் அவர் கட்டிலைச் சுற்றி உட்காரச் சொன்னார். குழம்பையும் மீனையும் வேறு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அடியிலும் பக்கத்திலும் மசாலா ஒட்டியிருந்த சட்டியை மட்டும் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்காரவைத்தோம். சட்டியைத் தொடைகளுக்கு நடுவில் இருத்திக்கொண்டார்.

"சோத்தைப் போடு."

பிழிந்த சோற்றைச் சட்டிக்குள் போட்டேன். அவர் கையை உள்ளே விட்டார். எலும்பும் தோலுமான கை. சட்டியின் வளைவோடு வளைவாக வழித்து, சோறு ஒரே நிறமாகிற வரை பிசைந்தார். மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி பிசைந்தார். பிறகு ஒரு உருண்டை பிடித்து மகளை நோக்கி நீட்டினார். அவள் சின்னப் பிள்ளை மாதிரி உள்ளங்கையைக் குவித்து வாங்கிக்கொண்டாள். அடுத்தது தம்பிக்கு. கொழுந்தனார் அதைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வடிந்தது.

"மதினி, எனக்கு எறங்காது போல" என்றார் என்னைப் பார்த்து.

"எறங்குறவன் எறங்காதுன்னு சொல்லாதடா" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. "தின்னு."

கொழுந்தனார் தின்றார். எனக்கும் ஒரு உருண்டை வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கையால் எனக்குச் சோறு கொடுத்தது இல்லை. அதெல்லாம் எங்கள் பக்கத்தில் வழக்கமும் இல்லை. மகள் பார்க்கிறாளே என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. வாங்கித் தின்றேன். நன்றாக மென்று தின்றேன். சட்டி காலியாகும் வரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை.

கடைசியில் சுண்டுவிரல் நுனியை மட்டும் தன் நாக்கில் வைத்துப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

"ஆமாப்பா" என்று சொல்லி மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து பட்டறைப் பக்கம் போய்விட்டாள். திரும்பி வர நேரமானது.

நான் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன், அவர் கையைக் கழுவிவிட. "இருக்கட்டும்" என்று கையை இழுத்துக்கொண்டார். படுத்தபடி அந்தக் கையை மூக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறங்கிப் போனார். விரல்களில் மசாலா காய்ந்து ஒட்டியிருந்தது. ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு நான் பக்கத்திலேயே இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் கண்ணை மூடிக்கொண்டே இருப்பார். சித்திரை பிறப்பதற்கு முன்னால் ஒரு காலை நேரம், குழாயில் மாவுத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருக்கும்போது, அது இறங்கும் வேகம் ஏதோ மாறின மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்தேன். போயிருந்தார். ஊசிக்குழலில் பாதி அப்படியே நின்றது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே கொழுந்தனாரைக் கூப்பிட்டேன்.

காரியம் முடிகிற வரை அடுப்பு மூட்டவில்லை. சாப்பாடு வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் குறைந்தார்கள். மகள் இரண்டு நாள் இருந்து வீட்டை ஒழித்துக் கொடுத்தாள். மருந்தெல்லாம் தூக்கிப் போட்டாயிற்று. சத்துமாவு டப்பாக்கள் அலமாரியில் இருந்தன. திறக்காதவற்றைத் திருப்பத்தூரில் இதே வியாதிக்காரர் ஒருவர் வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று அவள் எடுத்து வைத்தாள். திறந்த டப்பா ஒன்று இருந்தது, பாதிக்குமேல் மாவோடு.

"இத யாருக்கும் குடுக்க முடியாதும்மா. கொட்டிரவா?"

"நீ வையி, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவள் போன பிறகு அதைக் குப்பைக்கூடை வரை கொண்டுபோனேன். கை கவிழ்க்கவில்லை. வெந்நீர் வைத்து, வழக்கமான அளவில் கரைத்து, டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன்.

இனிப்பாக இருந்தது. ஐஸ்கிரீம் வாசம். அவருக்கு இனிப்பே ஆகாது. காப்பியில்கூடச் சர்க்கரை வேண்டாம் என்பார். அவ்வளவு மாதமும் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது இந்த ருசிதான். அது அவர் நாக்கைத் தொடவே இல்லை. அடுக்களையில் நின்றுகொண்டு டம்ளரைப் பார்த்து அழுதேன். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

அதன் பிறகு தினமும் காலையில் ஒரு டம்ளர் குடித்தேன். அடுத்த வாரம் மகள் வந்தபோது பார்த்துவிட்டாள்.

"எதுக்கும்மா இதப் போயிக் குடிக்கிற?"

"மிச்சம் இருக்குல்ல."

"நோயாளி குடிக்கிறதும்மா அது."

"அவுக எங்க குடிச்சாக?" என்றேன்.

அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. தொண்டையில் நிறுத்தி, பிறகு விழுங்கினாள். டம்ளரைத் திருப்பித் தராமல், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மீதியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தாள்.