ஆஸ்திரேலியா நல்லையா

நல்லையா ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் அதன் உயரத்தை அளக்கிறார். மர அளவுகோலை அட்டையின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஒம்பதரை... இல்ல, ஒம்பதே முக்கால்" என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார். பிறகு பக்கங்களை எண்ணுகிறார். கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அவர் நம்புவதில்லை. "அச்சாபீஸ்காரன் என்ன நம்பர் வேணும்னாலும் போடுவான் தம்பி" என்பார், அச்சாபீஸில் புரூப் திருத்திப் பிழைக்கும் என்னைப் பார்த்தே. பிறகு படங்கள் எத்தனை, தேசப்படங்கள் எத்தனை, பின் இணைப்புகள் எத்தனை என்று பார்த்து, எல்லாவற்றையும் ஓர் அட்டையில் முத்துமுத்தாக எழுதி இழுப்பறையில் சேர்ப்பார். அந்தப் புத்தகத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு அத்துடன் முடிந்தது. உள்ளே ஒரு வரி படிக்க மாட்டார்.

இரங்கூனில், சூலே பகோடாவுக்குக் கூப்பிடு தூரத்தில், கியாக்டடா வட்டாரத்திலுள்ள ஒரு சந்தா நூல்நிலையத்தில் இருபத்தொரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறார். நூல்நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கத்தினர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளைக்காரர்கள், மீதிப் பேர் அந்த வெள்ளைக்காரர்களின் வக்கீல்கள் என்றால் போதும். மேஜைக்கு மேலே நல்லையா பூரண கனவான்: கழுத்துவரை பொத்தான் மாட்டிய கோட்டு, சங்கிலி போட்ட கடிகாரம், எண்ணெய் வழியும் வகிடு. மேஜைக்குக் கீழே பர்மா லுங்கி. கால்சராய் பின்னாலுள்ள அலமாரியின் ஆணியில், கலைக்களஞ்சியங்களுக்குப் பக்கத்தில் தொங்கும். காரியதரிசி துரையின் மோட்டார் சத்தம் தெருமுனையில் கேட்டால், அரை நிமிஷத்தில் அதற்குள் இறங்கிவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவருடைய சுறுசுறுப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

பர்மியர்கள் பெரிய பண்டிதர்களைச் 'சயாஜி' என்று அழைப்பார்கள். நூல்நிலையத்துப் பியூன்கள் தம்மையும் அப்படித்தான் அழைக்க வேண்டும் என்பது நல்லையாவின் உத்தரவு. அவர்கள் அழைக்கிறார்கள். அழைத்துவிட்டுத் திரும்பிச் சிரித்துக்கொள்கிறார்கள்.

சென்ற வருஷம் வரை அவர் வெறும் நல்லையாதான். மாசி மாதத்தில் சிட்னியிலிருந்து ஏழு மரப்பெட்டிகள் வந்தன. அங்கே உள்ள ஏதோ ஒரு சங்கம், சாம்ராஜ்யத்து நூல்நிலையங்களுக்கெல்லாம் தங்கள் நாட்டுப் பிரசுரங்களை அன்பளிப்பாக அனுப்பி வைத்ததாம். ஆட்டு ரோமம், கோதுமை நோய், முயல் ஒழிப்பு, சுரங்க விபத்து, துறைமுக ஆழம் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். லண்டன் நாவலுக்குக் காத்திருந்த அங்கத்தினர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லையா மட்டும் ஐந்து மாதம் அவற்றுக்குள் புதைந்து கிடந்தார். வெளியே வந்தபோது ஆஸ்திரேலியா நிபுணராக வந்தார்.

"கங்காருன்னா சாமான்யமா நெனைக்காதீங்க. நம்மகிட்ட அதுக்கு மட்டும் நாலு புஸ்தகம் இருக்கு. ஒண்ணு பதிமூணு அங்குலம்!" என்று காப்பிக் கடையில் முழங்குவார். கங்காரு என்ன தின்னும் என்று யாராவது கேட்டால், "அது விஷயம். நான் சொல்றது விவரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைக்காரர்தான் அவருக்கு 'ஆஸ்திரேலியா நல்லையா' என்று பெயர் வைத்தவர். கேலி என்று புரிந்துகொள்ளும் சக்தி இல்லாததால் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

இந்த நிபுணர் புத்தகங்களைப் பிரித்து வைத்த அழகைச் சொல்ல வேண்டும். தலைப்பில் முதலில் கண்ணில் பட்ட வார்த்தைதான் அவருக்குச் சாஸ்திரம். அந்த நாட்டில் ஆட்டுப் பண்ணைக்கு 'ஸ்டேஷன்' என்று பெயர். ஆகவே ஆடு வளர்ப்பவர்களின் நினைவுக் குறிப்புகள் ஒன்பதும் ரயில்வே அலமாரிக்குப் போயின. அங்கே ஒரு வகை மரத்தை, கோந்துக்குரிய ஆங்கில வார்த்தையாலேயே, 'கம்' மரம் என்கிறார்கள். அந்த மரங்களைப் பாடிய ஒரு கவிராயரின் தொகுதி கோந்து, வார்னிஷ் தயாரிப்பு நூல்களோடு ஒட்டிக்கொண்டது. கவிராயரை அங்கிருந்து இன்றுவரை யாரும் பிரித்தெடுக்கவில்லை.

'புதிதாக அட்டவணைப்படுத்திய ஆஸ்திரேலியப் பிரசுரங்கள்' என்ற பட்டியல் எங்கள் அச்சாபீஸில்தான் அச்சாயிற்று. நான்தான் திருத்தினேன். முதல் புரூபில் எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டாவது புரூபில், வாணிபம் என்ற தலைப்பின்கீழ், லாப நஷ்டக் கணக்கு எழுதும் முறை பற்றிய புத்தகங்களுக்கு நடுவில், ஒரு வரி என் கண்ணைக் குத்தியது: 'ஆர்டன்ஷா என்ற நீராவிக் கப்பலின் லாஸ் குறித்து நடந்த விசாரணையின் அறிக்கை.' லாஸ் என்றால் நஷ்டம், நஷ்டம் என்றால் வாணிபம். நல்லையாவின் மூளை அதற்குமேல் நடக்கவில்லை. அது கடலில் அழிந்துபோன கப்பல்.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். லான்மடாவில் எங்கள் அச்சாபீஸுக்குப் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருக்கும் சுல்தான் பீவியின் புருஷன் அய்யூப், அந்தக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளப் போனவர். இரங்கூனில் அரிசி ஏற்றிக்கொண்டு போன கப்பல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பாறையில் மோதி எரிந்தது என்று சேதி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிழைத்தவர் யார், போனவர் யார் என்று யாரும் சொல்லவில்லை. கப்பல் ஏஜெண்டின் ஆபீஸில் ஒவ்வொரு முறையும், "கப்பலில் வேலை பார்த்த இந்தியக் கலாசிகள் பெயர் வரவில்லை" என்ற ஒரே பதில்.

பெயர் வராததில் ஒருவருக்கு மட்டும் திருப்தி. அவர் அய்யூபின் தம்பி அப்துல் ரவூப், கடைத்தெருவில் கைலி வியாபாரி. "காக்கா வருவாரு. வர்ற வரைக்கும் அவரு வீட்டுக்கு நான்தான் பொறுப்பு. மச்சி, நீங்க புள்ளையைக் கூட்டிக்கிட்டு நாகப்பட்டினம் போங்க" என்று சொல்லி அறைச் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த அறையில் கைலி மூட்டைகளை அடுக்க எண்ணம். கப்பல் சீட்டும் எடுத்தாயிற்று.

பட்டியலில் கப்பலின் பெயரைப் பார்த்ததைச் சொன்னபோது, தொப்பி தைத்துக்கொண்டிருந்த சுல்தான் பீவி ஊசியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அவரு இருந்தா நான் அவரு பொஞ்சாதி. அவரு வாயால சொல்லாம இந்த ரூமை விட மாட்டேன். இல்லேன்னா நான் எனக்கே பொறுப்பு. ரெண்டுல எதுவும் தெரியாம இந்த மனுசன் எனக்கு எசமானா? அந்தப் புஸ்தகத்துக்கிட்ட என்னைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

மறுநாள் காலை அவளை ஒரு லாஞ்சாவில் ஏற்றி, வண்டியை இழுப்பவனுக்கு வழி சொல்லிக்கொண்டு நான் கூடவே நடந்தேன். நல்ல மழை. நூல்நிலையத்தின் பளிங்குத் தரையில் அவளுடைய ஈரக் காலடி பதிந்ததைத்தான் நல்லையா முதலில் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, இது புஸ்தகம் இருக்கிற எடம். ஆளைத் தேடணும்னா போலீஸ் டேசனுக்குப் போகணும்" என்றார்.

"புஸ்தகத்துலதாங்கய்யா ஆளு இருக்கலாம்னு சொல்றாங்க" என்றாள் அவள்.

நல்லையா இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்தார். பார்க்கக் கொடுக்கவில்லை, படித்தார். "ஒம்பதே கால் அங்குலம். எம்பத்தெட்டு பக்கம். தேசப்படம் ஒண்ணு. பின் இணைப்பு ரெண்டு. போதுமா?"

"அந்தப் பின் இணைப்புல என்னங்கய்யா இருக்கு?"

"இணைப்பு இருக்குன்னுதாம்மா எழுதணும். உள்ள என்ன இருக்குன்னு எழுத அட்டையில எடமில்லை."

புத்தகத்தைத்தான் கொஞ்சம் காட்டுங்களேன் என்றேன். அங்கத்தினர் அல்லாதவருக்குக் காட்டக் காரியதரிசியின் கையெழுத்து வேண்டும். துரை மேமியோ மலையில் இருக்கிறார். மூன்று வாரம் கழித்து வருவார். சுல்தான் பீவியின் கப்பல் ஐந்தாம் நாள் புறப்படுகிறது. அதைச் சொன்னேன். "அதுக்கு நான் என்ன தம்பி செய்ய? விதி விதிதான்" என்று அளவுகோலைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கெஞ்சிப் பயனில்லை என்று தெரிந்ததும் ஒரு பொய் சொன்னேன். "இருக்கட்டும் சயாஜி. உங்கள் அட்டையில் எண்பத்தெட்டுப் பக்கம். சிட்னிக்காரர்கள் அனுப்பிய ஜாபிதாவில் எண்பத்தாறு. அச்சில் எதைப் போட?"

மனிதர் துள்ளி எழுந்தார். "எம்பத்தாறா? என் அட்டையா தப்பு?" லுங்கியோடு மேஜைக்கு வெளியே வந்ததையும் மறந்து, வாணிப அலமாரிக்கு ஓடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து, எங்கள் கண்ணெதிரே விரித்து, விரலை நனைத்து எண்ணத் தொடங்கினார். அறுபதில் விசாரணை முடிந்தது. எழுபதில் முதல் பின் இணைப்பு: கப்பல் தலைவர், அதிகாரிகள், அவர்களுடைய பட்டங்கள், பதக்கங்கள். எண்பத்துமூன்றாம் பக்கம் திரும்பியதும் நான் குறுக்கே கையை வைத்தேன்.

பின் இணைப்பு இரண்டு: 'கரை சேர்ந்த இந்திய மாலுமிகள்.' பத்தொன்பது பெயர்கள். பதினோராவது அய்யூப். கரி தள்ளுபவர். நாகப்பட்டினம். வயது முப்பத்திரண்டு. தீக்காயம். ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் மரணம், அங்கேயே அடக்கம்.

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

"ஒம்போது நாளு இருந்தாரா?" என்று கேட்டாள் சுல்தான் பீவி.

"ஆமாம்மா."

"பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களான்னு போட்டிருக்காண்ணே?"

"இல்லை. அதெல்லாம் போடவில்லை."

"எந்த எழுத்து அவரு பேரு?"

காட்டினேன். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து மெதுவாக, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு, இழுத்தாள். சத்தமில்லை. கண்ணீர் சொட்டித் தாளில் விழுந்தபோதுதான் அழுகிறாள் என்றே தெரிந்தது.

"கையை எடுங்கம்மா! கையை எடுங்க! மெம்பர் அல்லாதவங்க தொடக் கூடாது" என்று நல்லையா பதறினார். அவள் எடுத்துக்கொண்டாள். அவர் பக்கத்தைப் புரட்டினார். "எம்பத்தி நாலு, எம்பத்தஞ்சு, எம்பத்தாறு, எம்பத்தேழு, எம்பத்தெட்டு. பாத்தீரா தம்பி? என் அட்டைதான் சரி!" வெற்றி பெற்ற முகத்தோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாராட்டை எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சுல்தான் பீவி பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போனாள். புத்தகத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்த வரியை நான் படித்துக் காட்ட, ஹஜ்ரத் கேட்டார். கைம்பெண் இருக்கவேண்டிய இத்தா நாட்கள் மரணத் தேதியிலிருந்தே கணக்கு, அவை எப்போதோ கழிந்துவிட்டன என்று சொன்னார். இரண்டு வருஷமாக அவள் கைம்பெண். அவளுக்குத்தான் தெரியாது.

"ரெண்டு வருசமா மவுத்தானவருக்கு ராச்சோறு எடுத்து மூடி வச்சிருக்கேண்ணே" என்று என்னிடம் சொன்னாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் அப்துல் ரவூப் கப்பல் சீட்டோடு வந்து நின்றார். "யாரு வீட்டுக்கு யாரு பொறுப்பு?" என்று அவள் வாசற்படியிலிருந்தே கேட்டாள். "உங்க காக்கா வர மாட்டாரு. அவரு பேரை நான் அச்சுல தொட்டுப் பாத்துட்டேன். சாவியைக் குடுங்க." தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அப்துல் ரவூப் ஹஜ்ரத்தின் பெயரைச் சொல்லிப் பார்த்தார், அவளுடைய வாப்பாவின் பெயரைச் சொல்லிப் பார்த்தார், கடைசியில் மடியிலிருந்து சாவியை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனார். அறை இப்போது அவள் பெயரில் இருக்கிறது. தையல் இயந்திரத்தின் சத்தம் பகலெல்லாம் எங்கள் அச்சு இயந்திரத்தோடு போட்டி போடுகிறது.

பத்து நாள் கழித்து, அச்சான பட்டியல்களைக் கொடுக்க நூல்நிலையத்துக்குப் போனேன். ஆர்டன்ஷா அறிக்கையை வாணிபத்திலிருந்து எடுத்துக் கடற்பயணப் பகுதியில் வைத்தாயிற்றா என்று கேட்டேன். பத்தொன்பது பேரில் மற்றவர்களைத் தேடியும் யாராவது வரலாம் அல்லவா?

"அதெப்படி தம்பி? பட்டியல் அச்சாயிருச்சே. இனி எடம் மாத்துனா பட்டியல்ல பொய் போட்ட மாதிரி ஆயிரும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நீங்க வந்துட்டுப் போன அப்புறம் அட்டையைத் திருத்தணும்னு தோணுச்சு. இப்பத்தான் எழுதினேன்" என்றார்.

இருபத்தொரு வருஷத்தில் தம் அட்டை ஒன்றில் திருத்தம் செய்ததாக அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. அந்தப் பெயர்களை எழுதியிருப்பாரோ என்று ஒரு கணம் எண்ணிவிட்டேன்.

அட்டையை உருவி என் முன்னால் வைத்தார். உயரம், பக்கம், தேசப்படம், பின் இணைப்பு இரண்டு. அதன்கீழே, சிவப்பு மையில், அதே முத்தான கையெழுத்தில்: 'பக்கம் 83இல் நீர்க்கறை.'

மை காய்ந்துவிட்டதா என்று நல்லையா சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அட்டையை உள்ளே தள்ளி இழுப்பறையை மூடினார்.