மந்திரி கொண்டுவந்த சேதி

எங்கள் நாடகத்தில் எனக்கு எப்போதும் மந்திரி வேஷம்தான். ஐம்பதுகளின் கடைசி. விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்த நாங்கள் சிலர் சேர்ந்து, கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வருஷாவருஷம் ஒரே நாடகத்தைப் போடுவோம். நாட்டை இழந்து காட்டுக்குப் போகும் ராஜா, அங்கே செத்துப்போகும் ராணி, கடைசிவரை கூடவே போகும் மந்திரி. ராஜா வேஷம் என் கூட்டாளிக்கு. அவனுக்கு உயரமும் குரலும் இருந்தன. எனக்குப் பொறுமை இருக்கிறதாம், நாடகம் பழக்கிய வாத்தியார் சொன்னார். எனக்கு அதில் எரிச்சல்தான். மந்திரி உத்தமனாக இருப்பதில் என்ன பெருமை? இழப்பதற்கு அவனுக்கு ஒன்றுமே எழுதி வைக்கவில்லை. ராஜா அழுவான், மந்திரி பக்கத்தில் நிற்பான்.

ராணி செத்த சேதியைச் சொல்வது மட்டும் மந்திரியின் வேலை. அதற்கு வாத்தியார் ஒரு முறை வைத்திருந்தார். "கெட்ட சேதி கொண்டாறவன் முந்திக்கிட்டு வாயத் தொறக்கக் கூடாது. தலப்பாவக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு நில்லு. ராசா கேட்டப்புறந்தான் சொல்லணும்."

ஒரு வருஷம் பொங்கலுக்குப் பத்து நாள் இருந்தது. கூட்டாளியின் மனைவி, எம். புதுப்பட்டி என்ற ஊரிலிருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கிருந்தபடியே ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்கும் போனாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அன்று முற்பகலில் அவள் ஊர்க்காரர் ஒருவர் கிட்டங்கிக்கு வந்து, ஆலை வெடித்துவிட்டது, அவள் போய்விட்டாள் என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ போய்ச் சொல்லுய்யா. ஒனக்குத்தான் பக்குவமாச் சொல்ல வரும்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது துக்கம் வரவில்லை. சாக்குத் தைக்கும் ஊசி கையிலேயே இருந்தது. அதைச் சணலில் குத்தி வைத்துவிட்டுப் போனேன்.

அவன் களத்தில் காயப்போட்ட வத்தலைப் பலகையால் கிண்டிக்கொண்டிருந்தான். நெடி தாங்காமல் எல்லோருமே தலையையும் மூக்கையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருப்போம். பேசுவதற்காக நான் துண்டை அவிழ்த்தேன். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பலகையைக் கீழே போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தி, "மந்திரி, ஏன் மௌனம்? என் தேவி நலந்தானே?" என்றான். களத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

என் நாக்கு தானாகப் புரண்டது. "மன்னா, எப்படிச் சொல்வேன்" என்றேன். ஐந்து வருஷப் பழக்கம்.

"இந்தத் தடவ நல்லா வருது மாப்ளே. கொரல மட்டும் இன்னும் கொஞ்சம் எறக்கு."

அதற்குப் பிறகுதான் சொன்னேன். "புதுப்பட்டியில வெடிச்சிருச்சு மாப்ளே. தங்கச்சி இல்ல." அவன் கொஞ்ச நேரம் நெஞ்சை நிமிர்த்தியபடியே நின்றான். நான் முதலில் வசனம் பேசியதை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கமும் இல்லை.

அந்த வருஷம் நாடகம் இல்லை. அடுத்த வருஷம் ஒத்திகைக்கு அவனாகவே வந்தான். ஒத்திகையில் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் வாத்தியார் தாண்டிப் போய்விடுவார்.

மேடையில் தாண்ட முடியாது. நான் வந்தேன், தலைப்பாகையைக் கழற்றினேன், நின்றேன். அவன் என் கையையே பார்த்தான். கேள்வி மறந்துவிட்டது என்று நினைத்து வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் முறை உரக்கவே கொடுத்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அவன் கேட்கவில்லை. அவன் கேட்காமல் நான் சொல்லக் கூடாது. தலைப்பாகையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தேன். கூட்டத்தில் விசில் அடித்தார்கள். கடைசியில் திரையை இறக்கிவிட்டார்கள்.