ஆறாவது ஆளுக்கு இடமில்லை

கனமூலைக் கல்யாண வீட்டில் இன்று ஐந்து பேர் சேர்ந்து ஒருவனைப் பட்டினியோடு அனுப்பினார்கள்.

அவன் மணமேடை கட்டிய றிஸ்வான், தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று போன வாரம் முகநூலில் எழுதியவன்.

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனில் ஒரு இடம் காலியாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து உட்காரப் போனான்.

“இது நெறஞ்சிட்டு தம்பி,” என்றார் சாச்சா, மணப்பெண்ணின் சித்தப்பா.

“இப்ப எங்க பாத்தாலும் இந்த ஆக்கள்தான். இவனுக்குப் பொம்புளைகள்ட பக்கம் சஹன் வைங்க,” என்றார் அடுத்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

றிஸ்வான் ஈரக் கையோடு வெளியே போனான்.

பக்கத்துச் சஹனிலிருந்து நான் கேட்டேன்: “அப்ப மாப்பிள்ளையையும் மேடையில இருந்து எறக்குங்க சாச்சா. அது அவன் கட்டினதுதானே?”

சாச்சா றிஸ்வானுக்கு வரவேண்டிய ஆறாவது கோழித்துண்டைப் பிய்த்து ஐந்து பேருக்கும் பங்கு வைத்தார்.