அண்ணி ஒட்டிய சிறகு விரல்

எங்கள் அண்ணி நாள் முழுக்கக் கல் உடைத்தாலும், உடைத்ததெல்லாம் ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். அதற்கே இடுப்பு கழன்றுவிடும். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரிந்து, இன்று நல்ல வேலை நடந்தது என்பார். பேருந்து ஓட்டும் என் அண்ணனுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. ஊரையே சுற்றிவந்த மனிதரிடம் ஒரு கரண்டித் தூளைக் காட்டிக் களைப்பாக இருக்கிறது என்றால் யாருக்குத்தான் விளங்கும்? இருந்தாலும் அவர்தான் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம், இன்னும் விடவில்லை.

அண்ணிக்கு வேலை அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில். கல்லுக்குள் புதைந்த பழங்கால எலும்புகளை வெளியே எடுப்பது. காற்றழுத்தத்தில் அதிரும் ஓர் ஊசி, அதைவிடச் சின்னக் கை ஊசிகள், ஒரு நுண்ணோக்கி, தூரிகைகள், பசைப் புட்டிகள். அவருடைய சொத்து அவ்வளவுதான். அங்கே எல்லோரும் அவரை ஊசி அக்கா என்பார்கள். ஊசி கையில் மட்டுமில்லை, வாயிலும் இருக்கிறது என்பேன் நான். மேல்தளத்தில் தச்சுப் பட்டறை. கண்ணாடிப் பெட்டிகளுக்குச் சட்டமும், எலும்புகளுக்கு மரப் படுக்கையும் செய்வது என் வேலை. என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அண்ணிதான். அதனால் அவர் சொல்வதற்கெல்லாம் கொழுந்தன் தலையாட்ட வேண்டும் என்று அண்ணன் எதிர்பார்க்கிறார். நான் ஆட்டுவதில்லை.

எத்தனையோ எலும்புகளை எடுத்தவர் என்றாலும், அண்ணிக்கு உயிர் பறக்கும் ஊர்வனவற்றின் மேல்தான். டெரோசர் என்று பெயர். யாராவது டைனோசர் என்றால் திருத்துவார், பறவை என்றால் கோபித்துக்கொள்வார், வௌவால் என்றால் பேச்சையே நிறுத்திவிடுவார். நம் மோதிர விரலை உடம்பைவிட நீளமாக இழுத்து, அதிலிருந்து இடுப்பு வரை தோலைக் கட்டிவிட்டால் அதுதான் அதன் சிறகு. அந்த ஒற்றை விரலை நம்பிக் கடல்மேல் பறந்திருக்கிறது. எடை குறைய வேண்டுமே, அதனால் எலும்பெல்லாம் உள்ளே வெறும் குழாய். சுவர் ஒரு தபால் அட்டையின் கனம்தான். நாலு பேர் இருக்கும் அறையில் அதைத் திறந்துவைக்க அண்ணி சம்மதிக்க மாட்டார். யாராவது தும்மிவிடுவார்களாம்.

இந்த விலங்குகளுக்காகவே ஓர் ஆய்வாளர் இருந்தார். இளவயது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பேசும்போது இரண்டு கையையும் விரித்துவிடுவார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் றெக்கை சார். அவர் கேட்டு நான் செய்ததுதான் மேல்கூடத்தில் இருக்கும் பெரிய மரப்பலகை உலகப்படம். பறக்கும் ஊர்வன கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு பித்தளை ஆணி. ஒரு கண்டம் பாக்கியில்லை, பனி மூடிய தென்கோடியில்கூட அடித்தேன். சில இடங்களில் ஆணி மேல் ஆணி, சில இடங்களில் கட்டாந்தரை. ஆணி நிறைய இருக்கும் இடத்தில்தான் அவை நிறைய வாழ்ந்தன என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். றெக்கை சார் கையை விரித்து விளக்கினார். இவ்வளவு மெல்லிய எலும்பு விழுந்த இடத்தில் அமைதியான சேறு இருந்தால்தான் தங்கும். அலையடிக்கும் கரையில் விழுந்தால் பொடிப்பொடியாகிவிடும். ஆகவே ஆணி காட்டுவது அது பறந்த இடத்தை அல்ல, விழுந்ததை மண் பத்திரப்படுத்திய இடத்தை. வெற்றிடம் என்றால் அங்கே சேறு இல்லாமல் போயிருக்கலாம், அல்லது இன்னும் யாரும் தோண்டாமல் இருக்கலாம். எங்கள் பகுதி அப்படித்தான் வெறுமையாக இருந்தது. உலகப்படத்தைச் செய்தவனுக்கே சொந்த இடத்தில் ஓர் ஆணி அடிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

அப்புறம்தான் சுண்ணாம்புக்கல் வெட்டும் இடத்திலிருந்து அந்தப் பாறை வந்தது. ஓரத்தில் குழாய் போல ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி அதற்குள் தலையை விட்டவர், வருடக்கணக்கில் வெளியே எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் யார் பேச்சை எடுத்தாலும் கடைசியில் அந்தப் பாறையில் வந்து நிற்கும். அண்ணன் ஒரு முறை, இவளுக்கு இரண்டாம் கல்யாணம் ஆனதுபோல இருக்கிறது, அதுவும் ஒரு கல்லோடு, என்றார். உள்ளேயிருந்து சிறகு விரலின் இரண்டு துண்டுகள் கிடைத்தன. ஒன்று சற்றுத் தடிமன், இன்னொன்று மெலிசு. விரல் நுனிப்பக்கம் மெலிந்துதான் போகும், ஆகவே இரண்டும் ஒரே விரல் என்று யாருக்கும் தோன்றும். உடைந்த முகங்களும் ஒன்றோடொன்று நன்றாகவே சேர்ந்தன. ஓர் இடத்தில் மட்டும் அரிசி நுனியளவு இடைவெளி. அண்ணி அதைப் பசைமாவால் நிரப்பி ஒட்டினார். ஒட்டியதை மணல் தட்டில் செங்குத்தாக நட்டு, பசை இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒட்டிய விரலை றெக்கை சார் அளந்தார். அந்த நீளமும் வடிவமும் கடலுக்கு அக்கரையில் கிடைத்த ஒரு வகையோடு கச்சிதமாக ஒத்துப்போயின. அந்தக் காலத்தில் இடையில் கடல் இவ்வளவு அகலமில்லை, ஆனாலும் கடல் கடல்தான். அக்கரை விலங்கு கடலைத் தாண்டி இங்கே வந்துபோயிருக்கிறது, அப்படிப் போகிற போக்கில் ஒன்று இங்கே விழுந்திருக்கிறது என்று கட்டுரை எழுதினார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். எங்கள் இடத்தில் ஆணி அடித்தேன், அதிலிருந்து அக்கரை ஆணிக்கு ஒரு சிவப்பு நூலும் கட்டினேன். கட்டுரையின் கீழே நன்றி சொன்ன இடத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. அண்ணன் அதை வெட்டி எடுத்துப் பேருந்தில் தன் இருக்கைக்குமேல் ஒட்டிக்கொண்டார். றெக்கை சாருக்கு நிரந்தர வேலை கிடைப்பதும் அந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தது.

அடுத்து, விரலைக் கூடத்தில் வைக்க ஏற்பாடானது. அதற்கு மரப் படுக்கை குடைய வேண்டியது நான். அண்ணி எடுத்துக் கொடுத்த அளவுக்கு அச்சாகக் குடைந்தேன். விரலை வைத்தால் உட்காரவில்லை. ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் மயிரிழை தூக்கிக்கொண்டது. நானும் மூன்று மரம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பொறுமை போய், உங்கள் எலும்புதான் முறுக்கிக்கொண்டிருக்கிறது, என் மரம் நேராகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அண்ணி என்னை வெளுத்து வாங்கிவிட்டார். கண்ணை எங்கே வைத்துவிட்டு வேலை செய்கிறாய் என்றார். எனக்கும் கோபம். அந்தப் பக்கம் மரத்தைக் கொஞ்சம் இழைத்துவிட்டு, இப்போது உங்கள் ராணி உட்காருவார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் மதியம் அண்ணி பட்டறைக்கு வந்தார். சாதாரணமாக வரமாட்டார், மரத்தூள் ஆகாது. இழைப்புளியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு எதிரில் இருந்த பலகையில் உட்கார்ந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"தம்பி, அந்த இடுக்கை நான் மாவு போட்டு அடைச்சேன்ல. அது ஏன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"கல்லை எடுக்கும்போது ஊசி ஒரு தடவ வழுக்கிச்சு. நான்தான் அந்த நுனியைப் பேத்துட்டேன்னு நினைச்சேன். தேடிப் பாத்தேன், கிடைக்கல. வெக்கமா இருந்துச்சு. அதான் அடைச்சு மறைச்சேன். நேத்து நீ முறுக்கியிருக்குன்னு சொன்னதை இப்ப யோசிச்சா, நான் எதையும் பேக்கவே இல்லையோன்னு தோணுது. அந்த ரெண்டும் முதல்லேந்தே சேரலையோ என்னமோ. நான் உடைச்சேன்னு நானே முடிவு பண்ணிட்டேன். எலும்பைக் கேக்கவே இல்ல."

இரண்டும் வெவ்வேறு எலும்பு என்றால் அந்த நீளம் இல்லை. நீளம் இல்லையென்றால் அக்கரை உறவு இல்லை, கட்டுரை இல்லை, றெக்கை சாரின் வேலை ஊசலாடும். அண்ணியின் பெயரும் கெடும். பிரித்துப் பார்க்க ஒரே வழி, அசிட்டோன் ஆவியில் வைத்துப் பசையைக் கரைப்பது. ஒருவேளை அது உண்மையிலேயே ஒரே எலும்பாக இருந்துவிட்டால், தபால் அட்டைச் சுவர் பிரியும்போது நொறுங்கலாம், அப்போது உள்ளதும் போய்விடும். இதையெல்லாம் அண்ணியே எனக்கு எடுத்துச் சொன்னார், ஏதோ அடுத்த வீட்டு விவகாரம் போல. நான் என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். பேசாமல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம், படுக்கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆடாது. அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து நேராக றெக்கை சாரின் அறைக்குப் போனார்.

அங்கே நடந்தது கதவுக்கு வெளியே நின்ற எனக்குப் பாதிதான் கேட்டது. மூக்கை நுழைப்பதில் எனக்கு வெட்கமில்லை. றெக்கை சார் முதலில் சிரித்தார், பிறகு சமாதானம் சொன்னார், பிறகு அந்த முறுக்கு பாறையின் அழுத்தத்தால் வந்ததாக இருக்கலாம் என்றார். அப்படியும் நடக்கும்தான், அண்ணியும் மறுக்கவில்லை. கடைசியில் றெக்கை சாரின் குரல், நாளைக் காலையில் நானும் கூட இருக்கிறேன் என்றது. அந்தப் பையனை எனக்கு அன்றுதான் மனதாரப் பிடித்தது.

காலையில் கீழ்த்தளத்தில் நாங்கள் மூன்று பேர்தான். மூடியிட்ட கண்ணாடித் தொட்டிக்குள் ஆவியில் விரல் கிடந்தது. அண்ணி அவ்வப்போது வெளியே எடுத்து, மயிர்த் தூரிகையால் ஒட்டைத் தொட்டுப் பார்ப்பார், மறுபடி உள்ளே வைப்பார். பசைமாவு இளகி வழிந்தது. மதியம் சாப்பிட யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு தொடுதலில் இரண்டு துண்டும் தாமாகவே விலகிக்கொண்டன. ஒரு சின்ன நொறுங்கல்கூட இல்லை, ஒன்றையொன்று தெரியாதவர்கள் போலப் பிரிந்து கிடந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் சுவரின் கனமே வேறு வேறு. அந்த இடைவெளியின் ஓரம் ஊசி பட்டு உடைந்ததல்ல, பாறைக்குள் போவதற்கு முன்பே தேய்ந்து மழுங்கியது. அண்ணி கையுறையைக் கழற்றிவிட்டு, மன்னித்துவிடுங்கள் சார் என்றார். றெக்கை சார் எழுந்து வெளியே போய்விட்டார்.

போனவர் திரும்பி வருவார் என்று நான் நினைக்கவில்லை. அண்ணி பாட்டுக்கு மெலிந்த துண்டை எடுத்து, அதன்மேல் பல வருடம் முன்பு தடவியிருந்த காப்புப் பூச்சையும் கரைக்க ஆரம்பித்தார். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. பூச்சு கனமாக இருந்தது, பளபளவென்று எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. அது போனதும் கீழே எலும்பின் மேற்பரப்பு சொரசொரப்பாக, நுண்ணிய துளைகளோடு தெரிந்தது. ஐயோ, இதையும் கெடுத்துவிட்டேனா என்று அண்ணி கேட்டபோது, பின்னால் றெக்கை சார் நின்றுகொண்டிருந்தார். முகம் கழுவியிருந்தார். குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"அக்கா, கெடல. வளர்ற எலும்பு இப்படித்தான் இருக்கும். இது பெருசோட விரல் நுனி இல்ல. ஒரு குஞ்சோட விரல், ஆரம்பிக்கிற இடம்."

பிறகு அவருக்குக் கை தானாக விரிந்தது. குஞ்சு பொரித்துக் கொஞ்ச நாளிலேயே பறக்கத் தொடங்கியிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டாம். அப்படியே இருந்தாலும் இவ்வளவு சின்னது ஒரு கடலைத் தாண்டி வந்திருக்காது. எங்கேயோ பக்கத்தில்தான் பிறந்திருக்க வேண்டும். பெரிய துண்டு எந்த வகை என்று இனிமேல் சொல்ல முடியாது. அக்கரையோடு முடிச்சுப்போட ஒன்றுமில்லை. ஆனால் இங்கே போகிற போக்கில் ஒன்று விழுந்ததாக அவர் எழுதியிருந்தார், இப்போது பார்த்தால் இங்கேயே குடும்பம் நடத்தியிருக்கின்றன போலிருக்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, என் கட்டுரை போச்சு அக்கா என்றார், அழுகிற குரலில். அண்ணி அவர் தோளில் கைவைத்தார். நான் மேலே போய்ச் சிவப்பு நூலை அவிழ்த்தேன். ஆணியைத் தொடவில்லை.

திருத்தம் எழுதும்போதுதான் சண்டை வந்தது. தயாரிப்பின்போது ஏற்பட்ட தவறு என்று பொதுவாக எழுதிவிடலாம், யார் என்று சொல்ல வேண்டியதில்லை என்றார் றெக்கை சார், நல்ல எண்ணத்தில்தான். அண்ணி பிடித்த பிடியை விடவில்லை.

"தவறு தானா ஏற்படாது சார். நான் ஒட்டினேன். என் பேரைப் போடுங்க."

போட்டார். ஒட்டியவர் இன்னார், சந்தேகப்பட்டுப் பிரித்தவரும் அவரே என்று எழுதினார். அந்த ஆண்டு அவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை. குஞ்சைப் பற்றிய சின்னக் கட்டுரையோடு இந்த ஆண்டு மறுபடி விண்ணப்பித்திருக்கிறார், முடிவு இன்னும் வரவில்லை. இரண்டு துண்டுகளுக்கும் இரண்டு படுக்கை குடைந்தேன். இரண்டும் முதல் தடவையிலேயே உட்கார்ந்தன.

திருத்தம் அச்சில் வந்த அன்று அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, தப்புப் பண்ணினேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு இவ்வளவு நிம்மதியாக எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அண்ணி தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"பொறந்து கொஞ்ச நாள்ல செத்துப்போன ஒரு குஞ்சு. அதைப் பிடிச்சு இத்தனை வருஷமா இன்னொருத்தர் விரலோட நுனியா ஒட்டி வச்சிருந்தேன். அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது. இப்ப தெரியும்ல."