எல்கடுவையிலிருந்து கண்டிக்கு: நாலு வயதுப் பயணியும் ஒரு ரயில் புத்தகமும்

போன மாதக் கடைசியில் மூன்று நாள் லீவு போட்டு எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். காட்சி பார்க்க அல்ல. அக்கா மகள் மிதுஷாவுக்கு நாலு வயது. இடது கண் உள்பக்கம் சாய்கிறது. கண்டியில் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள். ரயிலுக்கென்று உக்குவளை ஸ்டேஷனுக்குப் போனால், ஹார்ன் சத்தத்துக்கு அலறித் தூணைக் கட்டிக்கொண்டாளாம். கிளினிக்கில் கொடுத்த தேதி போய்விட்டது. இன்னும் தள்ளினால் அந்தக் கண்ணில் பார்வை குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் கொழும்பில் ஏசி டெக்னீஷியன். எதையும் பிரித்துக் காட்டினால் பயம் போகும் என்பது என் கட்சி. புறக்கோட்டையில் 450 ரூபாய்க்கு ஒரு ரயில் படப் புத்தகம் வாங்கினேன். மாத்தளையிலிருந்து பகல் 11.30 பஸ், ஒன்றேகால் மணி நேரம். ஜன்னல் சீட் அழகு என்று எழுதுகிறார்கள். முதலில் சீட் கிடைக்கட்டும்.

மாலையில் லயத்து வாசலில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய தோட்ட வீடுகளின் முன்னால், மிதுஷாவையும் பக்கத்து வீட்டு ஷாலினியையும் உட்காரவைத்து டீசல் எஞ்சின், பிரேக், ஹார்ன் எல்லாம் விளக்கினேன். இரண்டாம் பக்கத்திலேயே இருவரும் கோழியை வேடிக்கை பார்த்தார்கள். புத்தகத்தை மூடப்போனேன்.

"மூடாதீங்க மாமா." ஷாலினி நீளமான பெட்டிகளின் மேல் விரல் வைத்தாள். "இது லயம்."

"லயம் இல்ல. ரயில் பெட்டி."

"லயந்தான். கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல். இது எங்க வூடு."

"அப்ப இது எங்க வூடு," என்று மிதுஷா அடுத்த பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

திருத்த வாயெடுத்தேன். அக்கா முறைத்தாள். "தம்பி, ஒன் பாடத்த பொறவு நடத்து."

பத்து நிமிடத்தில் ரயில் முழுக்கக் குடிவைத்துவிட்டார்கள். எஞ்சின் மட்டும் மிச்சம். யார் வீடு என்று கேட்டேன்.

"கங்காணி மாமா வூடு," என்றாள் மிதுஷா. "அவருதான் கத்துவாரு."

"பயமில்லையா?"

"வேலைக்கு கூப்புடுறாரு. அடிக்க மாட்டாரு."

மறுநாள் காலை 5.30க்கு ஆட்டோ, உக்குவளைக்கு 1,500 ரூபாய். டிரைவர் சிவா அண்ணன் மிதுஷாவைத் திரும்பிப் பார்த்தார். "தூண புடிச்சிகிட்டு நின்ன புள்ளதானே? திரும்பிப் போக நிக்கவா தம்பி?"

"வேணாம், போங்கண்ணே."

அவர் போகவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நின்றார்.

6.50க்கு வரவேண்டிய ரயில் 7.05க்கு ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. மிதுஷா அக்காவின் சேலையில் முகத்தைப் புதைத்தாள். போச்சு என்று நினைத்தேன். விளக்கம் சொல்ல வந்த வாயை அடக்கினேன். அவளே மெல்லத் தலையை வெளியே எடுத்து எஞ்சினைப் பார்த்தாள்.

"வாறோம் வாறோம். கத்தாதீங்க."

ஏறிவிட்டாள். சிவா அண்ணன் அப்போதுதான் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார்.

கண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்றாம் வகுப்பே போதும். கிளினிக்கில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். வேளைக்கு வந்தது நல்லது என்றார்கள்.

சின்னப் பிள்ளையோடு இந்த வழியில் போகிறவர்கள் ரயில் நேரத்தை முதல் நாளே ஸ்டேஷனில் கேளுங்கள். படப் புத்தகத்தை இரண்டு நாள் முன்னால் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். எனக்கு அதுதான் கஷ்டம். அடுத்த கிளினிக் ஆறு வாரத்தில். நான் வரத் தேவையில்லையாம், புத்தகத்தை மட்டும் விட்டுப் போகச் சொன்னாள் அக்கா.